பாஞ்சாலை ஜீப்புக்கு வேறு ஆக்சில்

பாஞ்சாலையைப் பற்றி ஆரணியில் யாரைக் கேட்டாலும், "அந்த ஜீப் ஓட்டுற பொம்பளையா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜீப் ஓட்டுகிறவனைப் பார்த்து, "ஜீப் ஓட்டுற ஆம்பளையா?" என்று எவனாவது கேட்டிருக்கிறானா? அவளுக்கு ஒரு பேர் இருக்கிறது. என் பட்டறைக்கு வந்துபோன டிரைவர்களில், கிளட்ச் மேல் காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே ஓட்டாத ஒரே ஆள் அவள்தான். இது மெக்கானிக் தேவநேசன் சொல்கிற வார்த்தை. எவன் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

அவள் பிறந்தது படவேட்டில். அவள் அப்பா அங்கே ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார். மலை மேல் இருக்கிற ஊர்களுக்கு பஸ் கிடையாது, ஜீப்தான். ஆள், அரிசி மூட்டை, புளி, ஆட்டுக்குட்டி எல்லாம் அதிலேதான் ஏறி இறங்கும். ஒரே மகள் என்று செல்லமாக வளர்த்தவர், கொல்லை மேட்டிலேயே அவளுக்கு வண்டி ஓட்டவும் கற்றுக் கொடுத்துவிட்டார். பிறகு ஆரணியில் பட்டு நெய்கிற அருணகிரிக்குக் கட்டிக் கொடுத்தார். அப்பா செத்ததும், ஜீப்பை விற்றுவிடு என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். "உங்க வூட்டு மாட்ட வித்துடுங்கன்னு நான் எப்பனா வந்து சொன்னனா?" என்று கேட்டாள். போய் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்தாள். தினமும் விடிந்ததும் ஆரணியிலிருந்து ஓட்டிக்கொண்டு போய் படவேட்டு ஜீப் ஸ்டாண்டில் வரிசையில் நிறுத்துவாள். அருணகிரி தடுக்கவில்லை. அவன் தறியில் உட்கார்ந்துவிட்டால், பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்காத ஆள்.

தொண்ணூற்று ஏழாம் வருஷம் பின் ஆக்சில் ஒடிந்தது. அதற்குள் சுற்றுகிற ராடை வேறு வாங்கி மாட்டினோம். கொஞ்ச நாளில் இன்னொரு பக்கமும் ஒடிந்தது. இந்த முறை மலை ஏறும்போது, வளைவில், வண்டி நிறைய ஆள். சக்கரம் தனியாகக் கழன்று பள்ளத்தில் ஓடிவிட்டது. அவள் வண்டியைப் பள்ளத்துக்கு எதிரே மலைப் பக்கம் சாய்த்து நிறுத்தியதால் ஒருவருக்கும் காயமில்லை. வேறு எவனாவது ஓட்டியிருந்தால் சக்கரத்துக்குப் பின்னாலேயே வண்டியும் போயிருக்கும். ஆனால் ஸ்டாண்டில் என்ன பேசினார்கள் தெரியுமா? பொம்பளை கை ஆக்சிலுக்கு ஆகவில்லையாம்.

ஸ்டாண்டுக்குத் தலைவர் என்று சொல்லிக்கொண்டு ரங்கசாமி என்று ஒருவன். அவன் அவளைக் கூப்பிட்டு, "உன்னால ஸ்டாண்டுக்கே கெட்ட பேரு. ஆடி மொத வெள்ளிக்குள்ள ஆக்சில மாத்தி, ஃபுல் லோடு ஏத்தி மலை ஏறிக் காட்டு. இல்லன்னா வரிசைல உனக்கு எடம் இல்ல" என்றான். ஆடி முதல் வெள்ளியிலிருந்து படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கூட்டம் பிய்த்துக்கொண்டு போகும். அந்த நேரத்தில் வரிசையை விட்டு வெளியே போன வண்டி மறுபடி உள்ளே வந்ததாகச் சரித்திரமே இல்லை. அவளுக்கும் அது தெரியும்.

நேராக என் பட்டறைக்கு வந்தாள். ஒடிந்த துண்டைப் பழைய துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேஜை மேல் டம்மென்று போட்டாள்.

"அண்ணா, நீயே பாத்துச் சொல்லு. நான் ஒடிச்சனா, இதுவா ஒடிஞ்சுதா?"

திருப்பிப் பார்த்தேன். ஒடிந்த முகத்தில் பாதி பளபளவென்று இருந்தது. பாதி கறுத்துத் துருப்பிடித்துக் கிடந்தது. கறுத்த பாதி எப்போதோ விட்ட விரிசல்.

"இது உங்கப்பா காலத்துலயே விட்ட விரிசல்மா. இந்த ஆக்சிலே மலைக்கு லாயக்கில்ல. சக்கரம் இந்த ராடு மேலேயே உக்காந்துகினு கீது. ராடு போனா சக்கரமும் கூடவே போவும்."

"ராடு போனாலும் சக்கரம் நிக்கிற மாதிரி ஆக்சில் கீதா?"

"கீது. பெரிய வண்டிது. அதுல சக்கரத்த வெளிக்குழாயே தாங்கும், ராடு சுத்தறதுக்கு மட்டுந்தான்."

"அப்ப அத்தப் போடு."

அவளே வேலூர் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, கழித்துப் போட்ட கனத்த வண்டி ஒன்றின் ஆக்சிலைப் பிடித்துவிட்டாள். லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியபோது நானே கையெடுத்துக் கும்பிட்டேன். இரும்பென்றால் அப்படி ஒரு இரும்பு. ஸ்பிரிங் பட்டை உட்காருகிற மேடையை மட்டும் நம் ஜீப்புக்குத் தோதாக வெட்டி, இடம் மாற்றி வெல்டிங் வைக்க வேண்டும். மறுநாள் ஆடி முதல் வெள்ளி. ஆக்சிலைப் பட்டையோடு கட்டுவதற்கு யூ போல்ட் பற்றவில்லை என்று நான் பக்கத்துச் சேத்துப்பட்டுக்கு ஓடினேன்.

நான் இல்லாத நேரம் பார்த்து அருணகிரி வந்திருக்கிறான். பெண்டாட்டிக்கு ஒத்தாசை செய்யலாம் என்று நல்ல மனதோடுதான் வந்திருக்கிறான். மேடையை எங்கே வைப்பது என்று பட்டறை வெல்டர் அளவு கேட்டிருக்கிறான். இவன் சாக்பீஸை எடுத்து, பல்சக்கரம் இருக்கிற உருண்டையிலிருந்து ஒரு பக்கம் அளந்திருக்கிறான். அதே அளவை அப்படியே மறுபக்கமும் வைத்துக் கோடு போட்டுவிட்டான். காலமெல்லாம் சேலை நெய்கிறவன். இந்தக் கரையும் அந்தக் கரையும் ஒரே அளவு, உடல் நடுவில். அவன் கைக்கு வேறு கணக்குத் தெரியாது.

நான் வந்து பார்க்கும்போது வெல்டிங் முடிந்து ஆக்சில் வண்டிக்கு அடியில் ஏறியிருந்தது. சக்கரத்தை மாட்டினோம். வலது சக்கரம் பட்டையோடு உரசிக்கொண்டு நின்றது. இடது சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. தலையில் அடித்துக்கொண்டேன்.

"யோவ் அருணகிரி, இது என்னா சேலையா? ஜீப்புல உருண்டை நடுவுல இருக்காதுய்யா. வலப்பக்கம் ஒதுங்கித்தான் இருக்கும். ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நீளம். கேட்டுட்டுப் பண்ணக் கூடாதா? பேஜாரு பண்ணிட்டியே."

அவன் முகம் செத்துவிட்டது. தெருவில் வேடிக்கை பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். டீக்கடைக்காரன், "வண்டிக்கு ஜரிகை வெச்சி ஓட்டும்மா" என்றான். எனக்கு இருந்த கோபத்தில் ஸ்பேனரை விட்டெறிந்துவிட்டேன். பாஞ்சாலை மட்டும் குனிந்து இரண்டு சக்கரத்தையும் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"அவருக்கு ரெண்டு பக்கமும் சமமாத்தான் தெரியும். அதுக்காகத்தான் அவரு கூட குடும்பம் பண்ணிகினு கீறேன். நீ வெட்டுண்ணா, ஜல்தியா வெட்டு" என்றாள். சிரித்தவன் ஒவ்வொருவனையும் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். டீக்கடைக்காரன் டீ ஆற்றப் போய்விட்டான்.

மறுபடி கழற்றினோம். மேடைகளை அறுத்து எடுத்தோம். பிசிறை அவளே அரத்தால் ராவினாள். அருணகிரி வீட்டுக்குப் போகவில்லை, நான் சொல்லச் சொல்ல டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்த முறை வெல்டிங்கை நானே வைத்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான்கு சக்கரமும் ஒழுங்காக நின்றன. பிரேக்கைச் சரி பார்த்துவிட்டுத்தான் விட்டேன்.

காலையில் படவேட்டுக்கு நானும் கூடப் போனேன். வைத்த வெல்டிங் என்னுடையது, பார்க்காமல் எப்படி இருப்பது? ரங்கசாமி வேண்டுமென்றே அரிசி மூட்டைகளை அடுக்கச் சொன்னான். ஸ்பிரிங் பட்டை வளைவு போய் மட்டமாகிற வரைக்கும் அடுக்கினான். அவள் எண்ணக்கூட இல்லை.

"போதுமா, ரங்கசாமிண்ணா? அப்ப நீயும் ஏறு. பின்னால, ஆக்சிலு மேலயே குந்து."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது.

முன்பு சக்கரம் கழன்ற அதே வளைவு வந்தது. செங்குத்து ஏற்றம். பின்னாலிருந்து ரங்கசாமி, "இங்க நிறுத்தி எடு, பாக்கலாம்" என்றான். லோடு வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதைப் போல் ஆக்சிலுக்குச் சித்திரவதை வேறில்லை. நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் நிறுத்திவிட்டாள். கிளட்ச்சை மெதுவாக விட்டாள். வண்டி உறுமி முன்னால் ஏறியது. பின்னால் மூட்டை ஒன்று சரிந்து தகரத்தில் மோதி டமாரென்றது. ஆக்சில்தான் போயிற்று என்று ரங்கசாமி கீழே குதித்துவிட்டான்.

"அண்ணனுக்காக நிறுத்தறியாம்மா?" என்றேன்.

"நிறுத்தி எடுத்துக் காட்டியாச்சு. நடந்து வரட்டும்" என்றாள்.

மலை ஏறி, மூட்டைகளை இறக்கி, திரும்பி வந்தோம். வழியில் வேர்த்து விறுவிறுத்து நின்றவனை ஏற்றிக்கொண்டுதான் வந்தாள். ஸ்டாண்டில் கோயில் கூட்டம் நெரிந்தது. ரங்கசாமி வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"வண்டி நல்லாக்கீதும்மா, ஒத்துக்கறோம். ஆனா திருவிழாக் கூட்டம் பாரு. ஒரு ஆம்பள டிரைவராப் பாத்துப் போட்டுடு. நீ வூட்ல இருந்துகினே வாடகைய வாங்கிக்கோ."

ஆக ஆக்சில் ஒரு காரணமே இல்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. அவனை அடிக்கப் போனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாஞ்சாலை என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"ஆக்சில மாத்தச் சொன்ன, மாத்திட்டேன். டிரைவர மாத்தறதா இல்ல."

வண்டியை எடுத்து வரிசையின் தலையில் கொண்டுபோய் நிறுத்தினாள். இதுவரை அவள் முறை வந்தும் எத்தனை டர்ன் கொடுக்காமல் விட்டிருந்தார்கள், இது அவளுக்குச் சேர வேண்டியதுதான். "மலைக்கு வர்றவங்க ஏறுங்க" என்றாள். முதலில் மலைக்காரப் பெண்கள் கூடையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் ஏறினார்கள். வண்டி நிறைந்துவிட்டது.

ரங்கசாமி வந்து பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு குறுக்கே நின்றான். அவள் ஹாரன் அடிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தபடி முதல் கியரைப் போட்டாள்.

அவன்தான் நகர்ந்தான்.