பக்கத்துக்கு ஆயிரம் ரூபாய்

வெப்சைட் செய்து கொடுக்க முதன்முதலில் விலை சொன்னபோது, பக்கத்துக்கு ஆயிரம் ரூபாய் என்றேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. எங்கள் வீட்டில் கூலி என்றால் அப்படித்தான். தலைச்சோலை எஸ்டேட்டில் அம்மா காப்பிப் பழம் பறிப்பது கிலோ கணக்கில். எத்தனை கிலோவோ அத்தனை காசு. அந்தக் கணக்கைத்தான் பக்கத்துக்கும் போட்டேன்.

முதல் ஆள், மஞ்சக்குட்டையில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர். விலையைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அப்ப எனக்கு ஒரே பக்கம் போதும் கண்ணு. ஆனா எல்லாம் அதுலயே வந்துரோணும்."

வந்தது. அறைகள், சாப்பாடு, ஜீப் வாடகை, சேர்வராயன் கோயிலுக்கு வழி, மிளகுக்கொடி பக்கத்தில் அவர் மாமனார் நிற்கிற படம். கீழே தள்ளத் தள்ள முடியவே முடியாத பக்கம். அது போதாதென்று போன் வேறு. "அந்தப் பச்சையக் கொஞ்சம் கொறைச்சுடு கண்ணு." குறைத்தால், "முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சு." எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாய் மட்டும் சரிங்க, சரிங்க என்றது. இந்த வாயை என்ன செய்வது!

வீட்டில் கெடு வைத்திருந்தார்கள். பழம் பறிப்பு முடிவதற்குள் இந்த வேலையில் ஒன்றும் தேறவில்லை என்றால், சேலத்தில் ஜவுளிக்கடை பில்லிங். ஹாஸ்டலுக்குக்கூடச் சொல்லி வைத்தாயிற்று. எனக்கு மலையை விட்டு இறங்க இஷ்டமில்லை. இந்த வேலையைக் கைவிட அதற்கும் மேல் இஷ்டமில்லை.

அந்த ஆயிரத்தை அம்மா கையில் கொடுத்தேன். "மாசக்கணக்கா குந்திக் கெடந்ததுக்கு இவ்ளோதானா சாமி? நொம்பக் கம்மியா இருக்குதே," என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் வலித்தது.

பறிப்பு முடிகிற சமயத்தில் ஹோம்ஸ்டேக்காரர் மறுபடி கூப்பிட்டார். "புதுசா ரெண்டு ஊடு கட்டியிருக்கறேன். முழுசா மாத்திப் போடோணும். அதே ஒரு பக்கந்தான், அதே ரேட்டுதான?"

"பக்கக் கணக்கு இனிமே இல்லீங்க. முழு வேலைக்கும் பதினஞ்சாயிரம். பாதி முன்னாடியே குடுத்துருங்க. ரெண்டு தடவை மாத்தித் தருவேன், அதுக்கு மேல தனிங்க."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். வைத்துவிடுவார், திங்கட்கிழமை நான் சேலத்துக்கு பஸ் ஏற வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"செரி கண்ணு. பாதிய இன்னைக்கே அனுப்பி உடறேன்."

பேரம்கூடப் பேசவில்லை. நான் பேசாமல் போனை வைத்திருக்கலாம். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏனுங்க, அதிகம்னு தோணலீங்களா?" என்று கேட்டேன்.

"இதென்ன அதிகம்? போன தடவையே கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன். நீதான ஆயிரம்னு சொன்ன."

போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. சேலம் போக வேண்டாம் என்ற சந்தோஷம் ஒரு பக்கம், அந்த மனுஷன் மேல் ஆத்திரம் ஒரு பக்கம். அம்மா பதறிப்போய், வேலை கிடைக்கவில்லையா என்று கேட்டாள். கிடைத்துவிட்டது என்று அழுதுகொண்டேதான் சொன்னேன்.