வெறுங்குழியில் எழுதியவர்

அண்ணி இறந்து இரண்டு வருடம் கழித்து, அவர் நாவல்களை மறுபடி அச்சிடச் சென்னையிலிருந்து ஒரு பதிப்பாளர் ஆரணிக்கு வந்தார். பாதியில் நின்ற ஆறாவது நாவலும் அவருக்கு வேண்டும். அதை எழுதிய நோட்டை அண்ணி என்னிடம்தான் கொடுத்திருந்தார். அண்ணன் புதுச்சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். அந்தச் சட்டையைப் பார்த்ததுமே எனக்கு எரிந்தது.

எங்கள் பக்கத்தில் பேய் நாவல் எழுதிய முதல் ஆள் அண்ணி. பாழடைந்த பங்களா, பூட்டிய அறை, உள்ளே அழுகுரல், பயந்தும் ஓடாத ஒரு பெண். கடைசியில் பேய் இருக்காது. சொத்துக்காக வேஷம் போட்ட ஒரு மாமன் இருப்பான். நான் ஐந்தாவது படித்தவன். விரல் வைத்தே அவருடைய ஐந்து நாவலையும் படித்து முடித்தேன். இன்று செல்போனில் பேய்க்கதை சொல்கிறவர்கள் அவருடைய பங்களாவைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மாமனை விட்டுவிடுகிறார்கள்.

“ஆறாவதை ஏன் சார் பாதில விட்டாங்க?” என்று பதிப்பாளர் கேட்டார்.

“பேய் புடிச்சிக்கிச்சி சார்,” என்றான் அண்ணன். “பாவு இல்லாத தறிக்குழில இறங்கி உட்காந்துகினு தனியா பேசிகினு இருப்பா. தெருவே பாத்துச்சி.”

“பிரமாதம். இதையே பின்னட்டைல போட்டுடலாம்.”

எங்கள் வீட்டில் கைத்தறி. நெய்து முடித்த சேலையை அறுத்து இறக்கினால், அடுத்த சேலைக்கான பாவு நூலை ஏற்றும்வரை, நெய்கிறவர் காலை இறக்கி உட்காரும் தறிக்குழியில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். வெறுங்குழியில் இறங்கினால் ஆகாது என்பார்கள். அதனால்தான் அண்ணி எழுத அதில் இறங்கினார். அங்கே வந்து அவரை யாரும் வேலை ஏவ மாட்டார்கள். எழுதிய பேச்சை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். பக்கத்துத் தறியில் இருக்கும் என்னிடம், “தம்பி, பயந்த பொண்ணு இவ்ளோ பேசுவாளா?” என்பார். நான் தலையாட்டுவேன்.

ஜன்னலில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி தெருவெல்லாம் சொன்னாள். அண்ணன் அவரை மந்திரிக்கிறவனிடம் இழுத்துப் போனான். வேப்பிலையால் முகத்தில் அடித்தார்கள். மறுநாள் அண்ணன் குழியைச் சிமென்ட் போட்டு மூடினான். கலவை குழைத்துக் கொடுத்தது நான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதன்பின் அண்ணி ஒரு வரிகூட எழுதவில்லை.

“பொய் சார்,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “எழுத எடம் இல்லாம நிறுத்தனாங்க. குழிய மூடனது நாங்க ரெண்டு பேரும். அத போடுங்க, நோட்டு தரேன்.”

“நீ இன்னாடா படிச்சி கிழிச்ச? உள்ள போ.”

பதிப்பாளர் சிரித்தார். “குடும்பச் சண்டைய எப்படிங்க அட்டைல போடறது? பேய்னா நாலு பேர் எடுத்துப் பாப்பாங்க.”

“அப்ப நோட்டு இல்ல சார்.”

அவர் ஐந்து நாவலோடு போனார். அண்ணன் வாசலில் நின்று தெரு கேட்கக் கத்தினான்: “அண்ணி மேல உனக்கு அவ்ளோ இன்னாடா?”

மறுநாள் பால்கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். புத்தகமும் அந்தப் பின்னட்டையோடுதான் வந்தது. நோட்டை நான் இன்றுவரை யாருக்கும் கொடுக்கவில்லை.