அதிபரின் புல்லில் நடந்த சீசன்

1. சனிக்கிழமை

ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் கல்லூரி உதைபந்தாட்ட மைதானத்தில் இரண்டு கோல் கம்பங்களுக்கு முன்னாலும் இருந்த புல்லை நான் அடியோடு கிளறி எறிந்தேன். திங்கட்கிழமை மத்தியானம், அந்த வருடம் சீசன் நடக்கும் என்று அறிவித்தார்கள். முதல் மட்ச் ஐந்து கிழமையில், அதுவும் எங்கள் மைதானத்தில். பதினெட்டு வருட மைதான வேலையில் நான் செய்த ஆகப் பெரிய மடைத்தனம் இதுதான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் டெனிஷ் கல்லூரி சில்க்போர்க்கிலிருந்து ஹேர்னிங் போகிற பாதையில் இருக்கிறது. பிள்ளைகள் அங்கேயே தங்கி இரண்டு வருடம் படிப்பார்கள். பெண்கள் உதைபந்தாட்ட ரீம்தான் எங்களுக்குப் பெருமை. அதன் தலைவி ஈடா, கோல் காப்பாளர். இந்த ரீமில் விளையாட வேண்டும் என்றே வட யூலாந்திலிருந்து வந்து சேர்ந்தவள். முதல் வருட சீசனைக் கொரோனா கொண்டுபோய்விட்டது. ஜூனில் படிப்பு முடிகிறது. இதுவும் போனால், இரண்டு வருடத்தில் ஒரு மட்ச் கூட ஆடாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பயிற்சியாளர் மிக்கேல் சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு வெள்ளைப் பலகை வைத்திருந்தார். ‘நடக்கும்’, ‘பாதி நடக்கும்’, ‘நடக்காது’ என்று மூன்று கட்டம், ஒரு சிவப்புக் காந்தம். ரிவியில் அரசாங்கத்தின் பத்திரிகையாளர் சந்திப்பு முடிந்ததும் எழும்பிப் போய்க் காந்தத்தை மாற்றுவார். அந்தக் காந்தம் ஓடின ஓட்டம் எங்கள் முன்வரிசை வீராங்கனைகள் கூட ஓடவில்லை.

சமையலறையில் வேலை செய்யும் ஜெசிந்தா மன்னார்ப் பிள்ளை. அவளுக்குப் பலகையில் நம்பிக்கை இல்லை.

“அண்ணை, சீசன் கட்டாயம் நடக்கும். நான் அந்தோனியாருக்கு நேந்திருக்கிறன்.”

“போன வருசமும் நேந்தனீர்தானே?”

“போன வருசம் ஒரு மெழுகுதிரி. இந்த முறை முழுப் பெட்டி.”

எனக்குப் பலகையிலும் அக்கறையில்லை, பெட்டியிலும் அக்கறையில்லை. என் கண் முழுக்கக் கோல் கம்பத்துக்கு முன்னால் இருந்த புல்லில்தான். அந்த இடத்தில் ஒன்பது வருடமாகப் பாசி. மழை பெய்தால் தண்ணீர் இறங்காது. மண்ணைக் கிளறி, மணல் கலந்து, புதிதாக விதைத்து, பத்துக் கிழமை ஒருவரும் மிதிக்காமல் விட வேண்டும். எந்த வருடம் எனக்குப் பத்துக் கிழமை தந்தார்கள்? இப்போது காந்தம் மூன்று கிழமையாக ‘நடக்காது’ கட்டத்தை விட்டு அசையவில்லை. ஞாயிறு மழை என்று வேறு சொல்லிவிட்டார்கள். மழைக்கு முதல் நாள் விதைப்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கல்லூரி அதிபர் ஹன்னா என்னைத் தேடி வந்து சொன்னவர்தான். இவர்கள் டெனிஷில் கதைத்ததை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

“சிவா, திங்கக்கிழமை கூட்டம் முடியுமட்டும் மைதானத்தில ஒண்டும் செய்யாதேங்கோ.”

“ஓம்” என்றேன். இவர்கள் கூட்டம் வைத்து முடிப்பதற்குள் எனக்கு விதை முளைத்துவிடும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, அடுத்த நாள் எட்டு மணிக்கே மிஷினை இறக்கினேன். சீட்டியடித்துக்கொண்டு வேலை செய்தேன் என்பதையும் மறைக்கக் கூடாது.

2. கூட்டம்

திங்கட்கிழமை, சாப்பாட்டு மண்டபத்தில் கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, முகக்கவசத்தோடு இருந்தோம். போட்டியை நடத்துகிறவர்கள் அனுப்பின கடிதத்தை ஹன்னா வாசித்தார். சீசனைச் சுருக்கி நடத்துவார்கள். கிட்டடியில் இருக்கிற ஐந்து கல்லூரிகள் மட்டும். பார்வையாளர் இல்லை. ஒவ்வொரு கல்லூரியும் தன் மைதானத்தைத் தர வேண்டும், தர முடியாத ரீம் விலக வேண்டும். மிக்கேல் எழும்பி ஓடிப் போய்க் காந்தத்தைப் பிடுங்கி ‘நடக்கும்’ கட்டத்தில் அடித்த அடியில் பலகை ஆடியது.

அந்தச் சந்தோசத்துக்கு நடுவில் நான் கையை உயர்த்தினேன்.

“மைதானம் இல்லை” என்றேன்.

“என்ன, இல்லையோ?” மிக்கேல் சிரித்தார். “ஆரும் களவெடுத்துக்கொண்டு போயிட்டினமோ?”

“ரெண்டு கோல் பக்கமும் சனிக்கிழமை கிளறிப்போட்டன்.”

மிக்கேலின் முகத்தில் சிரிப்பு இறங்க நேரம் எடுத்தது. ஹன்னா ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “நான் வெள்ளிக்கிழமை சொன்னனான்” என்று மட்டும் சொன்னார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

3. விழாமல் பிடித்தால்

பின்னேரம் ஈடா மைதானத்துக்கு வந்தாள். ரீமுக்கு ஏற்கனவே சொல்லியாயிற்று. கோல் கம்பத்துக்கு முன்னால், ஈர மண்ணின் ஓரத்தில், சப்பாத்து படாமல் நின்றாள்.

“இது எப்ப முளைக்கும்?”

“ஐஞ்சு கிழமையில பச்சை தெரியும். ஆனா இந்தக் குளிருக்கு வேர் பிடிக்காது. நீர் விழுந்து பந்து பிடிச்சா சேறுதான் கையோட வரும்.”

கம்பத்திலிருந்து கம்பம் வரை மண்ணைக் கண்ணால் அளந்தாள்.

“நான் விழாமப் பிடிச்சா?”

கோல் காப்பாளர் கேட்கிற கேள்வியா அது? அவள் பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கணக்குப் போட்டுக்கொண்டு நின்றாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், இதைத் தாங்க முடியவில்லை. “நாளைக்கு வாரும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாளைக்கு என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

கருவிகளைக் கழுவி வைத்துவிட்டு அலுவலகப் பக்கமாக வந்தபோதுதான் ஹன்னாவின் அறைக்கு முன்னால் இருக்கிற புல்தரை கண்ணில் பட்டது. அதுவும் நான் வளர்த்ததுதான். பாசி இல்லை, களை இல்லை, ஒருவரும் மிதிப்பதில்லை. வருடா வருடம் ஜூனில் படிப்பு முடிகிற பிள்ளைகள் அதில் நின்று படம் எடுப்பார்கள். மற்ற நாட்களில் ஹன்னா யன்னலால் பார்ப்பார், அவ்வளவுதான்.

கதவைத் தட்டினேன்.

“ஹன்னா, உங்கட புல்லு எனக்கு வேணும்.”

“எவ்வளவு?”

“முழுக்க.”

யன்னலால் ஒரு தடவை பார்த்தார்.

“ஜூன் படம்?”

“மண்ணில நிண்டுதான் எடுக்க வேண்டி வரும். இப்ப விதைச்சா கொஞ்சம் பச்சை இருக்கும்.”

“மட்ச் ஆடினா எந்தப் பிள்ளையும் படத்தைப் பற்றிக் கேக்க மாட்டுது” என்றார். “உரியுங்கோ. ஆனா சிவா, இனி நான் பொறுங்கோ எண்டா பொறுங்கோ.”

4. பலகை

இனித் தொழில் விசயம். புல்லை வேரோடு உரித்து வேறிடத்தில் பதிப்பதென்றால் வழமையாக இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பில் உரிப்பார்கள். அது வேர் பிடிக்கும்வரை சும்மா மேலே கிடக்கும், விளையாடினால் வழுக்கும். நான் கத்தியை நாலுக்கு இறக்கினேன். பாரம் கூட, ஆனால் அந்தத் தடிப்பில் போட்டால் இடம் மாறினதே புல்லுக்குத் தெரியாது. விதைத்த மண்ணில் அதே நாலு சென்ரிமீற்றரை வழித்து எடுத்துவிட்டுத்தான் பதிக்க வேண்டும். இல்லாவிட்டால் கோலுக்கு முன்னால் ஒரு திட்டி நிற்கும்.

அடுத்த சிக்கல் தூக்குவது. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் இரண்டு மீற்றர் தள்ளி நிற்க வேண்டிய காலம். ஒரு துண்டை இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் முகத்துக்கு முகம் வந்துவிடும். ஒவ்வொரு துண்டையும் சரியாக இரண்டு மீற்றர் நீளத்துக்கு வெட்டி, அதைவிட நீளமான பலகையில் கிடத்தி, அந்தத் தலையில் ஒருவர், இந்தத் தலையில் ஒருவர் என்று தூக்க வைத்தேன். தூரத்தை யாரும் அளக்கத் தேவையில்லை, புல்லே அளந்துகொண்டு போனது. மிக்கேல் அதற்கும் ஊதுகுழல் ஊதினார்.

நூற்றைம்பது துண்டு, மூன்று நாள். ஜெசிந்தா சமையலறை யன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணை, பிரேதம் தூக்கிற மாதிரியெல்லோ கொண்டு போறீங்கள்!”

“வாயைக் கழுவும் பிள்ளை. அந்தோனியார் கேட்கப் போறார்.”

கடைசித் துண்டை ஈடாதான் கொண்டுவந்தாள். நான் உருளையை இழுத்து அமர்த்தி, இரவுக் குளிருக்கு வெள்ளைத் துணியால் மூடினேன். அதற்குப் பிறகு மட்ச் வரும்வரை தினமும் காலை ஆறரைக்குத் துணியைத் தூக்கி, புல்லின் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பேன். மூன்றாம் கிழமை ஒரு நாள் இழுத்தேன், வரவில்லை. வேர் பிடித்துவிட்டது. அன்றைக்கு மைதானத்தில் தனியே நின்று கை தட்டினேன்.

5. மட்ச்

பார்வையாளர் இல்லாத மட்சை நான் முதன்முதலாகப் பார்த்தேன். பந்து உதைபடுகிற சத்தமும் பிள்ளைகளின் கத்தலும் மட்டும்தான். நான் வேலையாள் என்ற கணக்கில் மூலையில் நின்றேன். மற்றவர்கள் பந்தைப் பார்த்தார்கள், நான் புல்லைப் பார்த்தேன்.

பத்தாவது நிமிடம் எதிர் ரீம்காரி ஒருத்தி தாழ்வாக மூலைக்கு அடித்தாள். ஈடா முழு நீளத்துக்கு விழுந்து அதைத் தட்டிவிட்டாள். விழுந்த இடத்தில் ஒரு துண்டின் ஓரம் கிளம்பியது. அவள் எழும்பி, கையுறையோடு அந்த ஓரத்தை மடித்து வைத்து, காலால் இரண்டு மிதி மிதித்துவிட்டு அடுத்த பந்துக்கு நின்றாள். அதற்குப் பிறகு எத்தனை தரம் விழுந்தாள் என்று நான் எண்ணவில்லை.

தோற்றுவிட்டார்கள், இரண்டுக்கு ஒன்று. மிக்கேல் தண்ணீர்ப் போத்தலை உதைத்தார். ஈடா தலையிலிருந்து கால் வரை சேறும் புல்லுமாக என் பக்கம் வந்தாள். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

“இன்னும் மூண்டு மட்ச் கிடக்கு” என்றாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, முகக்கவசம் இருந்தபடியால் பாதி மறைந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். புல்லைப் பற்றி அந்தச் சனிக்கிழமை நான் நினைத்ததெல்லாம் சரி. மண் சரி, மழை சரி, விதை சரி. அந்தச் சீசன் யாருக்கு வேண்டியது என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. இப்போது மிஷினை வெளியே எடுக்குமுன் அந்த வருட ரீம் தலைவியிடம் போய், “கிளறட்டோ?” என்று கேட்கிறேன். அநேகமாக, “இன்னும் கொஞ்சம் பொறுங்கோ” என்றுதான் சொல்வார்கள்.

பொறுக்கிறேன்.