அடுப்பு மேடைக்கு ஆள் அளவு

கல் வியாபாரத்தில் கல்லைத் தூக்குகிறவனுக்கு முதுகு வலிக்கும், விற்கிறவனுக்கு வாய் வலிக்கும். கடையில் உட்கார்ந்து ஜீவனம் பண்ணுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது உலகச் சண்டை முடிந்த சமயம், அரியலூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கல் கடையில் நான் கணக்குப்பிள்ளை. நின்றுகொண்டு சமைக்கிற மேடை அப்போதுதான் எங்கள் பக்கம் தலைகாட்டியது. அதற்குக் கல் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசி ஆம்பிளைகள். வெந்நீர்கூட வைத்தறியாத மகராசன்கள்.

உசரம் கேட்டேன்

தா.பழூர்ப் பக்கத்திலிருந்து வைத்திலிங்கம் வந்தார். நெல் விவசாயம். கடை நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார், அவ்வளவு உயரம். அவர் மனைவி செல்லம்மாள் களத்தில் விழுந்ததிலிருந்து முட்டியை மடக்க முடியவில்லை, தரையடுப்பில் உட்கார முடியவில்லை. மேடை கட்டலாமென்றால் அவருடைய அம்மா, “அடுப்பு பூமியில இருக்கணும்” என்று ஒரே பிடி. கடைசியில் தை பிறக்கிறவரை மேடையைப் பார்ப்பது, சரிப்படாவிட்டால் இடித்துவிட்டு, கால் சரியாகும்வரை மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாம். “அவ இல்லாட்டி எனக்கு வூடு வூடா இருக்காது. பாத்துக் குடுங்க” என்றார். எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது.

நல்ல கடப்பைக் கல்லாகப் பொறுக்கினேன். “தீ நேராப் பட்டா வெடிச்சிடும். செங்கல் பரப்பி, களிமண் பூசி, அதுமேல அடுப்ப வைங்க” என்று சொல்லிவிட்டு, “வீட்டம்மா உசரம் என்ன?” என்று கேட்டேன். மனுஷன் திருதிருவென்று முழித்தார். கையைத் தோளுக்கு நேராக வைத்தார், காதுக்கு ஏற்றினார், நெஞ்சுக்கு இறக்கினார்.

“கட்டிக்கிட்டவள யாருங்க அளந்து பாக்குறா? என் இடுப்பு உசரத்துக்குக் கட்டிக்கிறேன், விடுங்க.”

புளி சொன்ன சாட்சி

செந்துறையிலிருந்து ஒரு அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்தார். நான் கடப்பைக் கல்லின் பளபளப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். காதில் வாங்கினால்தானே! மடியிலிருந்து கொஞ்சம் புளியை எடுத்து, தண்ணீர் கேட்டு நனைத்து, கல்மேல் அப்பிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசி ஓய்ந்ததும் வழித்து எடுத்தார். அந்த இடம் திட்டாக வெளுத்திருந்தது.

“எங்க வூட்டுப் புள்ளைங்க மோரக் கொட்டும், எலுமிச்சம்பழத்த நசுக்கும். உடனே தொடைக்க எனக்கு நாலு கையா இருக்கு?” என்று மூலையில் கிடந்த கருங்கல்லைக் காட்டினார். அதிலும் புளியை அப்பிப் பார்த்தார். கல் அசையவில்லை. அதையே வாங்கிக்கொண்டார். போகும்போது தம்பி, “அவரு அவ்வளவு தூரம் சொன்னாரேக்கா” என்று எனக்காக இரக்கப்பட்டான்.

“அவரு கல்லு விக்கிறவரு, அப்படித்தான் சொல்லுவாரு. புளிக்கு என்னடா பொய் சொல்லத் தெரியும்?”

சுவருக்கு ஆரத்தி

உடையார்பாளையத்து ஜவுளிக்காரர் ஒருவரிடம், “அடுப்புக்குப் பின்னாடி சுவத்துல வெள்ளைப் பீங்கான் ஓடு பதிங்க. தெறிச்சா ஈரத் துணியால தொடைச்சிடலாம்” என்றேன். “சுவத்துக்குத் தங்கப் பல்லா கட்டச் சொல்றீங்க?” என்று சிரித்துவிட்டு, சுண்ணாம்பே போதுமென்று போய்விட்டார்.

கொஞ்ச நாளில் சத்தமில்லாமல் வந்து ஓடு கேட்டார். சுண்ணாம்பு காய்வதற்குள் சமையலை ஆரம்பித்துவிட்டார்கள். மஞ்சள் போட்ட பருப்பு பொங்கித் தெறித்ததில் சுவரெல்லாம் செக்கச்செவேல். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன நிறமாகும் என்று கல்யாணத்துக்குப் போன எவருக்கும் தெரியும். அடுப்படிக்குள் போகாதவருக்கு அங்கே மட்டும் ஞாபகம் வரவில்லை. வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு மனைவி சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

“தெனமும் ஆரத்தி கரைச்சு ஊத்துறேன், மாப்பிள்ளைய மட்டும் காணோம்.”

இடிக்கிற நாள்

மார்கழியில் வைத்திலிங்கம் செல்லம்மாளோடு வந்து நின்றார். அந்த அம்மா அவர் தோளுக்குக்கூட எட்டவில்லை. மேடை அவளுக்கு நெஞ்சு உயரம். பானைக்குள் எட்டிப் பார்க்க முடியாது, ஆவி நேராக முகத்தில் அடிக்கும். “இடிச்சிடு” என்கிறாராம் மாமியார். இத்தனை நாள் சமையல் யார் என்று கேட்டேன். வைத்திலிங்கம் வெளியே பார்த்தார். “மேடை அவரு அளவுதானே, அவரே வடிக்கட்டும்னு அத்தைதான் சொன்னாங்க” என்றாள் செல்லம்மாள்.

எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், பயம் ஒருபக்கம். செங்கல்லை அடுக்கி ஒரு பலகைக் கல்லை வைத்தேன். காலி வாளியைப் பானையாக வைத்து, கையில் ஒரு குச்சியைக் கொடுத்துத் துழாவச் சொன்னேன். தோள் தூக்கிக்கொண்டால் ஒரு வரிசைச் செங்கல்லை எடுப்பேன். கை தானாக ஓடுகிற இடம் வந்ததும், “இங்க” என்றாள். பழைய கல்லையே இறக்கி வைத்தால் போதும் என்று அனுப்பினேன். முதலாளிக்கு அன்று வியாபாரம் பூஜ்யம்.

தை பிறந்து அந்தப் பக்கம் போனபோது மனசு கேட்காமல் வைத்திலிங்கம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். மேடை முன்னால் நின்று வடை சுட்டுக்கொண்டிருந்தவர் மாமியார். செல்லம்மாள் பக்கத்தில் நின்று மாவு தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். “பூமியில இருக்கணும்னீங்களே, ஆத்தா?” என்றேன். கிழவி திரும்பக்கூட இல்லை.

“மேடையும் பூமி மேலதானே நிக்குது, கணக்குப்பிள்ளை? அவளுக்கு மட்டுந்தான் முட்டி இருக்குதா?”

எந்தக் கல் நல்ல கல் என்று இன்றைக்கும் கேட்கிறவர்களிடம், உலை வைக்கிறவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், கல்லை அவர் பார்த்துக்கொள்வார் என்றுதான் சொல்கிறேன். வருவதென்னவோ இன்றைக்கும் ஆம்பிளைதான்.