அவிழ்த்துக் கட்டிய கட்டு

போன வாரம் தேங்காய் உரிக்கும்போது கையைக் கிழித்துக்கொண்டேன். கட்டுப் போட வந்த நர்ஸ் பெண் உறையைக் கிழித்துப் புதுத் துணிச்சுருளை எடுத்தாள். மருந்து வாடை மூக்கில் ஏறியதும் வலியை மறந்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா பெரியவரே, சரியா கட்றேனான்னு பாக்குறீங்களா?"

பெரியவரே என்றதில் கொஞ்சம் வருத்தம். மற்றபடி அவள் சொன்னது உண்மைதான்.

யுத்த காலத்தில் திண்டிவனத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலை பழகினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய உத்தியோகம். துணி கிடைக்காத நாட்கள். ஒரே துணியைச் சீழ் போகத் துவைத்து, கொதிக்கவைத்து, கொடியில் காயப்போட்டு, தொடைமேல் வைத்துச் சுருட்டுவோம். இன்றும் வீட்டில் துண்டை மடிக்கச் சொன்னால் சுருட்டிவிடுகிறேன். மனைவியிடம் திட்டும் வாங்குகிறேன்.

எனக்குக் கற்றுக்கொடுத்த கம்பவுண்டர், கட்டு பிசகினால் நோயாளிகள் எதிரிலேயே அவிழ்த்து என் கழுத்தில் மாலையாகப் போடுவார். "மாப்ள சோக்கா கீறாரு பாரு" என்பார். வலியில் அழுதுகொண்டிருப்பவர்கள்கூடச் சிரிப்பார்கள். யாரிடமும் நிமிர்ந்து பேசாதவன் நான். பிறருக்குக் கற்றுக்கொடுக்க நேர்ந்தால் இப்படிச் செய்வதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

அடுத்த வருஷமே நேர்ந்தது. கண்டமங்கலத்திலிருந்து தேவராசு அண்ணன் வேலை பழக வந்தார். கூலி வேலை செய்தவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "இவனுக்கு நீ சொல்லிக்குடு" என்று கம்பவுண்டர் ஒதுங்கிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து விழுப்புரத்தில் பெரிய டாக்டர் முன்னால் கட்டிக் காட்டவேண்டும். தேறினால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் பழையபடி மண்வெட்டிதான்.

காலுக்குக் கட்டும்போது பாதத்தில் தொடங்கி மேலே போகவேண்டும். அண்ணன் முழங்காலில் தொடங்கிக் கீழே இறங்குவார். இறுக்கியும் விடுவார், விரல்கள் வீங்கிவிடும். முதல் நாளே சொல்ல வாயெடுத்தேன். "சரியா தம்பி?" என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். கழுத்தில் விழுந்த மாலை ஞாபகம் வந்தது. "சரிதாங்கண்ணே" என்றுவிட்டேன். அவர் சாப்பிடப் போனதும் நானே அவிழ்த்துத் திருப்பிக் கட்டினேன். அதுவே தினசரி வழக்கமாகிவிட்டது.

ஆறாத கால்புண்ணோடு படுத்திருந்த, மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றும் வண்டிக்காரர் ஒருவர் கேட்டார். "அவரு கட்டிக்கினு போறாரு, நீ அவுத்துக்கினு நிக்கிற. என் காலு இன்னா, பந்தக்காலா?"

அண்ணன் காதில் விழப்போகிறது என்று கெஞ்சினேன். இதை மரியாதை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

விழுப்புரத்துக்கு நானும் கூடப் போனேன். அங்கே ஒரு பியூனை பெஞ்சில் காலை நீட்டச் சொன்னார்கள். அண்ணன் தயக்கமே இல்லாமல், முழங்காலிலிருந்து கீழே, அழகாகக் கட்டி முடித்தார். டாக்டர் கட்டுக்குள் விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை.

"யாருய்யா உனக்கு சொல்லிக்குடுத்தது?"

"தம்பிதாங்க. மூணு மாசமா ஒரு கொறை சொன்னதில்லீங்க." என்னைப் பெருமையாகக் காட்டினார்.

தப்பு என்னுடையது, இன்னும் ஒரு மாதம் கொடுங்கள் என்று அப்போதாவது கேட்டிருக்கலாம். டாக்டர் காகிதத்தில் ஏதோ எழுதினார். அவ்வளவுதான், அண்ணனுக்கு வேலை இல்லை.

துணிமணி எடுக்க என்னோடு திரும்பினார். ரயில் முண்டியம்பாக்கம் தாண்டியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"வண்டிக்காரரு அப்பவே சொன்னாருப்பா. நாந்தான் சண்டைக்குப் போனேன். தப்புன்னா எங்க தம்பி சொல்லியிருக்கும்னு."

பிறகு பலருக்குக் கற்றுக்கொடுத்தேன். நோயாளிக்குக் கேட்காதபடி தனியாக அழைத்து, "கீழேருந்து வாங்க" என்பேன். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. ஒருமுறை கண்டமங்கலம் போய் அண்ணனை விசாரித்தேன். குடும்பத்தோடு பாண்டிக்குப் போய்விட்டார் என்றார்கள். பாண்டியில் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

நர்ஸ் பெண் முடிச்சுப் போட்டு, "எப்டி கீது?" என்றாள்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கும்மா."

முகம் சுளிக்காமல் அவிழ்த்து, வேறு சுருள் எடுத்துத் திருப்பிக் கட்டினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவிழ்த்த துணி குப்பைத் தொட்டியில் கிடந்தது. அதை எடுத்துத் துவைக்க இப்போது யாரும் வருவதில்லை.