ஜெய்னம்பு அக்கா விற்ற நாலு க்ளோ ப்ளக்

ஜெய்னம்பு அக்கா இறந்துவிட்டார்.

இன்று காலை ஃபேன் பெல்ட் இருக்கிறதா என்று கேட்கக் கடைக்கு போன் போட்டேன். வேறு குரல். "அக்கா நேத்து மௌத்தாயிட்டாங்க அண்ணே. சாயங்காலம் அசர் தொழுகைக்கு முன்னாடியே அடக்கம் முடிஞ்சிருச்சு." ஹார்ட்டாம்.

தெரியாதவர்களுக்கு... ஜாலான் புசாரில் ஒரு லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை, அதன் கவுண்டரில் இருந்தவர். முதல் தடவை போனபோது பில் போடுபவர் என்று நினைத்து, "விஷயம் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இருக்காங்க. அவங்ககிட்டதான் பேசிக்கிட்டு இருக்கீங்க" என்றார்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும், விசேஷங்களுக்கு நாற்காலி, மேசை வாடகைக்கு விடுவது. லாரி பழசு. டீசல் எஞ்சின் காலையில் கிளம்ப உள்ளே கொஞ்சம் சூடேற வேண்டும், அதற்குத்தான் க்ளோ ப்ளக்.

சிங்கப்பூரில் ஏதுடா குளிர் என்று கேட்பீர்கள். மழை பெய்த காலையில் என் லாரியிடம் வந்து கேளுங்கள்.

டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பட்டன். அழுத்திப் பிடித்துக்கொண்டு இருபது வரை எண்ணி, அப்புறம் சாவியைத் திருப்ப வேண்டும். அப்படியும் மார்சிலிங் கார்பார்க் முழுக்க வெள்ளைப் புகை. மேலே பிளாட்டில் ஜன்னல் ஜன்னலாகச் சாத்துவார்கள்.

சீக்கிரம் சூடாகிற புது ப்ளக் போட்டுவிடலாம் என்று அக்காவிடம் போனேன். நாலு ப்ளக் மட்டும் கேட்டேன்.

"ப்ளக் மட்டும் தரமாட்டேன் தம்பி. டைமரும் சேத்து வாங்குங்க, நாலஞ்சு செகண்ட்ல அதுவே கரண்ட்டைக் கட் பண்ணிடும். அந்தப் பட்டனைக் கழட்டிடுங்க. பழைய ப்ளக் மாதிரி இல்ல இது, ரொம்ப நேரம் அழுத்தினா எரிஞ்சு போயிடும் லா."

சரி சரி என்றேன். நானே மாட்டினேன். டைமரையும் மாட்டினேன்.

பட்டனைக் கழற்றவில்லை.

டைமரில் க்ளிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதை நம்பிச் சாவியைத் திருப்ப மனசு வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பட்டனையும் அழுத்தி இருபது எண்ணினேன். தினமும்.

சில வாரம் அருமையாக ஓடியது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாணத்துக்கு நாற்காலி எல்லாம் ஏற்றி நிற்கிறேன்... கிளம்பவில்லை. பேட்டரி தீரும்வரை முக்கிப் பார்த்தது.

வேறு லாரி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் மண்டபத்துக்குச் சாம்பார் வந்துவிட்டது, உட்கார நாற்காலி இல்லை. பெண்ணின் அப்பா என்னைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வீட்டுக்கு வந்ததும் நாலு ப்ளக்கையும் கழற்றி, வரிசையாக வைத்து, போட்டோ எடுத்து இதே ஃபேஸ்புக்கில் போட்டேன். கடை பெயரோடு. "கவுண்டரில் இருக்கிற அந்தம்மாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது, போலிச் சரக்கைத் தலையில் கட்டுகிறார்கள்" என்று எழுதினேன்.

உங்களில் பல பேர் ஷேர் பண்ணினீர்கள். எனக்கு ஜோராக இருந்தது.

மறுநாள் எரிந்துபோன ப்ளக்குகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு நேரிலும் சண்டை போடப் போனேன். அக்கா பையைத் திறக்கவே இல்லை.

"போட்டோவுலயே பாத்துட்டேன் தம்பி. நாலு முனையும் வீங்கிப் போயிருக்கு. பட்டனைக் கழட்டல, அப்படித்தானே?"

பையைக் கீழே இறக்கி வைத்தேன். "இதை நீங்க கமெண்ட்லயே போட்டிருக்கலாமே அக்கா" என்றேன்.

"அத்தனை பேர் முன்னாடி உங்கள எதுக்கு? நீங்களே எழுதிடுங்க." அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கொஞ்சம் சீக்கிரமா எழுதுங்க தம்பி. காலையிலேர்ந்து முதலாளி முகம் கொடுத்துப் பேசல. சரக்கு ஆர்டர் பண்றது நான்தானே."

"இன்னைக்கே எழுதுறேன்க்கா."

எழுதவில்லை. பழைய பதிவைச் சத்தமில்லாமல் நீக்கினேன், அத்தோடு சரி. இத்தனை வருஷம் லாரி ஓட்டுகிறவனுக்கு ஒரு பட்டனைக் கழற்றத் தெரியவில்லையா என்று நீங்கள் எல்லாம் சிரிப்பீர்களே என்ற வெட்கம்.

இன்றைக்கு, நாளைக்கு என்று... இரண்டு வருஷம்.

அதற்கப்புறமும் அந்தக் கடைக்குத்தான் போனேன். அக்கா ஒரு தடவைகூட அதைப்பற்றிக் கேட்கவில்லை. ஆனால் சரக்கு ஆர்டர் போடுகிற வேலை அவர் கையை விட்டுப் போயிருந்தது. நான் ஒரு ஃபில்டர் கேட்டால்கூட, "ஒரு நிமிஷம் தம்பி" என்று உள்ளே போய் முதலாளியிடம் கேட்டுவிட்டு வருவார். எல்லாம் தெரிந்த மனுஷி. சாமானை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

இன்று மத்தியானம் செங்காங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். அக்காவின் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாற்காலி லாரி தம்பிதானே? சொல்லியிருக்கா. கடைசி ரெண்டு வருஷம் கடையில மனசு கஷ்டம் அவளுக்கு. யாரோ ஃபேஸ்புக்ல என்னமோ எழுதிட்டாங்களாம். யாருன்னு எத்தனையோ தடவை கேட்டுட்டேன், கடைசி வரைக்கும் சொல்லல."

டீ குடிங்க என்றார். குடித்தேன். கிளம்பி வந்துவிட்டேன்.

அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன் பாய், நான்தான் அது.

ப்ளக் நல்ல ப்ளக். அக்கா சொன்னது அத்தனையும் சரி. எரித்தது நான். இதை அந்த முதலாளிக்கும் அனுப்புகிறேன்.

அன்றைக்கு அதை ஷேர் பண்ணினவர்கள், தயவுசெய்து இதையும் ஷேர் பண்ணுங்கள்.

மன்னிச்சிடுங்க அக்கா.