சோளப் பூவுக்குப் போட்ட ஊசி

கமலவேணிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பெரம்பலூருக்குப் பக்கத்தில் சோளக் கொல்லையும் மாடுகளுமாக இருந்த குடும்பம். விடிந்தால் ஓட்டம்தான். சோளம் பூக்கிற மாதத்தில் மட்டும் ஒடுங்கிப்போவாள். பூந்தூள் காற்றில் பறந்தால் கண் அரிக்கும், தும்மல் வரும், பிறகு நெஞ்சு இழுக்கும்.

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பட்டணத்தில் படித்துவிட்டு அரியலூரில் தன் வீட்டிலேயே வைத்தியம் பார்த்த டாக்டர் தர்மராஜ், அந்தப் பூந்தூளிலிருந்து எடுத்த மருந்தையே சிறுகச் சிறுக ஊசியில் ஏற்றி உடம்பைப் பழக்கலாம் என்றார்.

"இழுப்பு இருக்கற அன்னிக்கு ஊசி கெடையாது. போட்டப்புறம் அரைமணி நேரம் இங்கயே உக்காரணும்."

ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்த சில வாரத்தில், இரண்டையும் அவள் ஒரே நாளில் மீறினாள். காலையிலிருந்தே லேசாக இழுத்தது. சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார் என்று மூச்சை அடக்கிக்கொண்டு கையை நீட்டினாள். ஊசி போட்டதும் பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், தெருவை எட்டிப் பார்த்தாள். பெட்ரோல் கிடைக்காததால் கரியில் ஓடிய பெரம்பலூர் பஸ் புகைந்துகொண்டு நின்றது.

"கறவ மாடு கத்திக்கிட்டுக் கெடக்குங்க. வாங்க, போயிடுவோம்" என்று புருஷன் அய்யம்பெருமாளைக் கிளப்பினாள். டாக்டர் உள்ளே வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் ஏறி, அது கிளம்புவதற்குள் உள்ளங்கை அரித்தது. உதடு தடித்தது. தொண்டையில் துணியை அடைத்ததுபோல் மூச்சு முட்டியது.

"ஏ வேணி, மொகம் ஏன் இப்படி வீங்குது?"

பதில் சொல்லக் குரல் வரவில்லை. டாக்டர் வீட்டுப் பக்கம் கையை மட்டும் காட்டினாள். அய்யம்பெருமாள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டாக்டர் ஒன்றும் கேட்காமல், வீக்கத்தை வடித்து மூச்சைத் திறந்துவிடும் அட்ரினலின் ஊசி போட்டார். அந்த மருந்தின் வேகத்தில் அவளுக்கு நெஞ்சு படபடத்தது. மெல்லக் காற்று உள்ளே போயிற்று.

"காலையில இழுப்பு இருந்துதா?"

ஆமென்று தலையசைத்தாள்.

"நானும் கேட்டிருக்கணும்மா. உங்கள வெளிய வுட்டதும் தப்பு" என்றார்.

"இந்த ஊசியே வேணாங்க" என்று அய்யம்பெருமாள் அழைத்துப் போய்விட்டார். அதன்பின் கொசு கடித்து அரித்தால்கூட உதடு தடிக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆனால் அடுத்த வருஷம் சோளம் பூத்து இழுப்பு அவளைப் படுக்க வைத்தபோது, இது தணிந்ததும் மறுபடி ஊசி போட்டுக்கொள்வதென்று அவளே முடிவு செய்தாள்.

டாக்டர் மிகக் குறைந்த மருந்திலிருந்து புதிதாக ஆரம்பித்தார். இப்போது ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் இழுப்பு இருக்கிறதா என்று நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். ஊசிக்குப் பிறகு தன் கண்ணெதிரிலேயே உட்கார வைத்தார். அவள் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தொண்டையைத் தடவினாள், ஆனால் எழுந்திருக்கவில்லை.

இழுப்பு குறைந்தது, அடியோடு போய்விடவில்லை. சில வருஷம் கழித்து, சோளம் பூத்திருக்கையில், மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு மாட்டுக்குப் புல்லறுக்கப் போனாள். தும்மிக்கொண்டேதான் அறுத்தாள்.